கடையில் கிடைக்கும் பதினோரு மாத வாடகை அக்ரிமெண்ட்: வாங்கலாமா?

சார்பதிவாளர் அலுவலகம், நீதிமன்றம், தாலுகா ஆபீஸ் என்று எங்கே போனாலும் வாசலில் டைப்பிங் சென்டரும் ஸ்டாம்ப் வெண்டர் கடையும் இருக்கும். இரண்டு பெயர், ஒரு கதவு எண், வாடகை, அட்வான்ஸ். இந்த நான்கைச் சொன்னால் போதும், கால் மணி நேரத்தில் கையெழுத்துக்குத் தயாராக வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்துவிடும். செலவும் அதிகமில்லை. தமிழ்நாட்டில் வாடகை வீட்டுக்குக் குடிபோகும் பெரும்பாலானோர் கையெழுத்திடுவது இந்தக் காகிதத்தில்தான். அதையும், அதற்குப் போட்டியாக வந்திருக்கும் இணைய அக்ரிமெண்ட் சேவைகளையும், இரண்டில் எதை வாங்கினாலும் பிறகு செய்ய வேண்டிய அரசுப் பதிவையும் இங்கே எடை போடுகிறோம்.

தட்டச்சு சுத்தம், வேகம், விலை ஆகியவற்றில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் வாசகம்தான் பிரச்சினை. 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் எழுதிய மாதிரியை இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புற வீடுகளுக்கு அதுதான் சட்டம். காகிதத்தில் தேதி மட்டும் மாறியிருக்கிறது.

பதினோரு மாதம் யாருக்குப் பயன்?

1908 ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பிறந்ததுதான் பதினோரு மாதக் கணக்கு. அந்த அளவில் இன்றும் அது செல்லும். ஆனால் 2017 சட்டம் வேறொரு பதிவைக் கேட்கிறது. எவ்வளவு காலத்துக்கான ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 4 ஆம் பிரிவு. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அரசு அலுவலர். சார்பதிவாளர் வேறு, இவர் வேறு. பதினோரு மாதம் என்று எழுதி முதல்வரிடமிருந்து தப்பலாம், இரண்டாமவரிடமிருந்து தப்ப முடியாது.

கடையில் இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. “பதினோரு மாதம்தானே சார், பதிவு வேண்டாம்” என்பதுதான் வழக்கமான பதில். கூடுதல் காசுக்கு நோட்டரி முத்திரை வைத்துத் தருகிறார்கள். கையெழுத்துப் போட்டது இன்னார்தான் என்பதற்கு நோட்டரி சாட்சி, அவ்வளவுதான். மேலே சொன்ன இரண்டு பதிவுகளில் எதற்கும் அது ஈடாகாது.

பதியாவிட்டால் என்ன ஆகும்? 4-ஏ பிரிவின்படி, பதிய வேண்டிய ஒப்பந்தத்தைப் பதியாமல் விட்டால் அது சாட்சியமாக ஏற்கப்படாது, அதை வைத்து உரிமை கோரவும் முடியாது. ஆண்டுக்கு 5 சதவீத வாடகை உயர்வு, இரண்டு மாத நோட்டீஸ், பெயிண்டுக்குப் பிடித்தம் என்று உரிமையாளர் பார்த்துப் பார்த்து எழுதிய நிபந்தனைகளெல்லாம் வழக்கு வரும் நாளில் கைகொடுக்காமல் போகும்.

வாடகைதாரருக்கு இன்னும் பெரிய ஆபத்து உண்டு. பழைய சட்டத்தில் வாய்மொழியாகக் குடியேறியவர், வாடகை ரசீதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அசையாமல் இருக்க முடிந்தது. நியாய வாடகை நிர்ணயம் என்ற கேடயமும் இருந்தது. இப்போது 21 ஆம் பிரிவு வெளியேற்றத்துக்கான காரணங்களை அடுக்கும்போது, உரிமையாளரும் வாடகைதாரரும் சட்டம் சொல்லும் எழுத்து ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளவில்லை என்பதை முதல் காரணமாக வைத்திருக்கிறது. “அக்ரிமெண்ட் இல்லாமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு” என்று இன்னும் நம்பும் பழைய குடித்தனக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

காகிதத்தின் உள்ளே

கடை மாதிரிகளில் வார்த்தைகள் ஊருக்கு ஊர் சற்றே மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். அதில் அடிக்கடி இடறும் இடங்கள் இவை.

முதலில் சொத்து விவரம். “கதவு எண் 14, முதல் தெரு” என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஒரே கதவு எண்ணில் கீழே ஒன்று, மாடியில் இரண்டு என மூன்று போர்ஷன் இருக்கும் வீட்டுக்கு இது போதாது. காகிதப்படி முழு வீட்டையும் ஒருவருக்கே வாடகைக்கு விட்டதாக அர்த்தம் வந்துவிடும். எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா, எத்தனை அறை, சுமாராக எத்தனை சதுர அடி, மொட்டைமாடியும் வண்டி நிறுத்தும் இடமும் சேர்த்தியா இல்லையா என்று எழுத வேண்டும். சொத்து வரி மதிப்பீட்டு எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் சேர்த்துவிட்டால் பிறகு குழப்பத்துக்கு இடமிருக்காது.

அடுத்தது உரிமையாளர் பெயர். வரி ரசீது காலமான அப்பா பெயரில் இருக்கும், ஒப்பந்தத்தில் மூத்த மகன் கையெழுத்திடுவார். சகோதரிக்கும் பங்கு உண்டு என்பது இரண்டு வருடம் கழித்து, “வாடகையை என் கணக்கில் போடுங்கள்” என்று ஒரு நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்குப் பவர் கொடுத்து அந்த விவரத்தை ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் இருவர் கையெழுத்தும் தேவை. கடை மாதிரியில் முதல் பார்ட்டிக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருப்பார்கள். கேட்டால் இன்னொரு வரி சேர்த்துத் தருவார்கள், கேட்க வேண்டும்.

அட்வான்ஸ். இதில்தான் வாட்ஸ்அப் வதந்திகள் அதிகம். “புதிய வாடகைச் சட்டம் 2025 வந்துவிட்டது, இனி இரண்டு மாத அட்வான்ஸ்தான்” என்று சுற்றும் செய்தியைக் காட்டியே சில இடங்களில் காகிதம் விற்கிறார்கள். நில உரிமையாளர், குத்தகைதாரர் உறவு மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில்தான் குடியிருப்புக்கு இரண்டு மாத வரம்பு இருக்கிறது. அது மாநிலங்களுக்குக் காட்டிய மாதிரி, தமிழ்நாட்டில் தானாக அமலுக்கு வராது. இங்கே 2017 சட்டத்தின் 11 ஆம் பிரிவு சொல்வது மூன்று மாத வாடகை. 15,000 ரூபாய் வாடகைக்கு 45,000. ஆனால் அந்தப் பிரிவே “ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தாலன்றி” என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையில் நெடுநாள் வழக்கமான பத்து மாத அட்வான்ஸ், அதாவது 1,50,000 ரூபாய், ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் பிறகு மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது கடினம். ஆகவே பேரம் முழுக்கக் கையெழுத்துக்கு முன்புதான். சட்டம் இந்த இடத்தில் வரம்பு வைத்தது போலவும் இருக்கிறது, வைக்காதது போலவும் இருக்கிறது. நல்ல சட்டத்தில் இது ஒரு மோசமான வரி.

அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாள் கடைக் காகிதத்தில் இருக்காது. “காலி செய்யும்போது வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும்” என்று மட்டும் இருக்கும். பாக்கி, சேதம் போக மீதியை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு மாதத்தை எழுதுங்கள், எந்த வங்கிக் கணக்குக்கு என்பதையும் எழுதுங்கள். அட்வான்ஸ் ரொக்கமாகக் கைமாறினால் ஒப்பந்தத்திலேயே “பெற்றுக்கொண்டேன்” என்ற வரியும் தேதியும் வேண்டும். தனி ரசீது பிறகு தருகிறேன் என்றால் பெரும்பாலும் வராது.

வாடகை உயர்வு. புதிய சட்டம் வாடகையை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள விட்டுவிட்டது. 1960 சட்டத்தில் கட்டடத்தின் மதிப்பில் 9 சதவீதம் என்று கணக்குப் போட்டு நியாய வாடகை நிர்ணயிக்கும் முறை இருந்தது, அது போய்விட்டது. எனவே உயர்வு எவ்வளவு, எப்போது என்று ஒப்பந்தம்தான் சொல்ல வேண்டும். கடை மாதிரியில் “உரிமையாளர் விருப்பப்படி” அல்லது “இருவரும் பேசி” என்று இருக்கும். முதலாவதில் வாடகைதாரர் மாட்டிக்கொள்வார், இரண்டாவதில் உரிமையாளர். “12 ஆம் மாதம் முதல் 5 சதவீதம், மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து” என்பது போல எண்ணும் நாளும் போட்டு எழுதினால் இருவருக்கும் நிம்மதி.

“உரிமையாளர் எந்நேரமும் வந்து பார்வையிடலாம்” என்ற வரியை அடித்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எழுத்து என்றால் வாட்ஸ்அப் செய்தி போதுமா என்ற சண்டை வராமலிருக்க அதையும் ஒப்பந்தத்தில் சொல்லிவிடலாம். காலை 7 முதல் இரவு 8 வரை என்று நேரமும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

“வாடகை தவறினால் தண்ணீர், மின் இணைப்பைத் துண்டிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு” என்ற வாசகம் சில பழைய மாதிரிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது வெறும் மிரட்டல். அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று 20 ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். பாக்கிக்குச் சட்டம் தரும் வழி வேறு: இரண்டு மாத வாடகை நிலுவையானால் கேட்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மோட்டார் ஸ்விட்சை அணைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்துகொள்ளும் உரிமையாளர், வெல்ல வேண்டிய வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

குழாய் வாஷரும் சுவர் விரிசலும்

பழுதுபார்ப்பு பற்றிக் கடைக் காகிதத்தில் ஒரே வரி: “வீட்டை நல்ல நிலையில் வைத்திருந்து ஒப்படைக்க வேண்டும்.” சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ பொருள் பொருளாகப் பிரித்துத் தந்திருக்கிறது. இந்தச் சட்டத்தில் தினசரி வாழ்க்கைக்கு மிகவும் பயன்படும் பக்கம் அதுதான், அதிகம் யாரும் படிக்காத பக்கமும் அதுதான்.

கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், உள்ளும் வெளியும் உள்ள மின் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய், கழிவறை, வாஷ்பேசின், கீசர் ஆகியவற்றின் பழுது, ஸ்விட்ச், சாக்கெட், சாக்கடை அடைப்பு, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, தோட்டப் பராமரிப்பு ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. தங்கள் பங்கை வாடகைதாரர் செய்யாவிட்டால் உரிமையாளர் செய்துவிட்டு அட்வான்ஸில் பிடிக்கலாம். உரிமையாளர் செய்யாவிட்டால் வாடகைதாரர் செய்துவிட்டு வாடகையில் பிடிக்கலாம், ஆனால் ஒரே மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் பிடிக்கக்கூடாது. மேல்மாடிக் குழாய் மாற்ற 12,000 ரூபாய் ஆனது, வாடகை 15,000 என்றால் முதல் மாதம் 7,500, அடுத்த மாதம் 4,500.

“காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்” என்பது ஏறக்குறைய எல்லாக் கடை மாதிரியிலும் உண்டு. அட்டவணையில் பெயிண்ட் உரிமையாளர் பக்கம் இருக்கிறது. அதை மற்றவர் தலைக்கு மாற்ற நினைத்தால் இருவரும் தெரிந்தே ஒப்புக்கொண்டு தனி வரியாக எழுத வேண்டும். குறைந்தபட்சம் “இரண்டு ஆண்டுக்குள் காலி செய்தால் மட்டும்” என்றாவது ஒரு வரம்பு கேளுங்கள். எட்டு ஆண்டு குடியிருந்தவரிடமும் எட்டு மாதம் குடியிருந்தவரிடமும் ஒரே பிடித்தம் என்பதில் நியாயமில்லை. வீட்டோடு தரும் பொருள்களின் பட்டியலையும் பின்னிணைப்பாக வையுங்கள்: எத்தனை ஃபேன், எத்தனை விளக்கு, கீசர் இருந்தால் அதன் கம்பெனிப் பெயர், ஏற்கெனவே உடைந்திருக்கும் டைல்ஸ் எவை. கூடவே தேதியிட்ட புகைப்படங்கள். அட்வான்ஸ் பிடித்தத்தில் எழும் தகராறு பெரும்பாலும் இந்தப் பட்டியல் இல்லாததால்தான்.

மின் கட்டணத்துக்கும் ஒரு வார்த்தை. “யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்” என்று கடைக் காகிதத்தில் ஒரு கோடிட்ட இடம் இருக்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். ஆகவே ஒரே விலை என்பது யாருக்காவது நஷ்டமாகவே முடியும். தனி இணைப்பு இருந்தால் வாடகைதாரரே பில்லைக் கட்டட்டும். சப்-மீட்டர் என்றால் மொத்த பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, சப்-மீட்டர் யூனிட்டால் பெருக்குங்கள். குடியேறும் நாளின் ரீடிங்கை ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள்.

முத்திரைத்தாள்

விலை குறைவாக இருப்பதன் ரகசியம் இங்கே இருக்கிறது. முப்பது ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 1 சதவீதம். 15,000 ரூபாய் வீதம் பதினோரு மாதத்துக்கு 1,65,000, அதற்குத் தீர்வை 1,650. கடையில் கிடைக்கும் தாளின் மதிப்பு அதன் பக்கத்தில்கூட வராது. போதிய தீர்வை செலுத்தாத ஆவணத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. பற்றாக்குறையையும் அதற்குப் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டிய பிறகுதான் பார்க்கும். வழக்கு வராத வரை இது யாரையும் உறுத்தாது, அதனால்தான் இத்தனை ஆண்டுகளாக இப்படியே ஓடுகிறது.

பழைய தேதி போட்ட தாள் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. தாள் வாங்கி ஆறு மாதம் ஆனால் செல்லாது என்பது தவறான நம்பிக்கை. ஆறு மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு, அவ்வளவே. 2008 இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் முன்தேதியிட்டு ஒப்பந்தம் எழுதுவது வேறு விஷயம். குடியேறிய நாளும் ஒப்பந்த நாளும் அட்வான்ஸ் கைமாறிய வங்கிப் பதிவும் ஒன்றோடொன்று முரண்பட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

அசல் ஒன்று, ஜெராக்ஸ் ஒன்று என்று தருவது கடைகளின் இன்னொரு பழக்கம். இரண்டு அசல் போடச் சொல்லுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஓர் அசல் வாடகைதாரர் கையில் இருக்க வேண்டும்.

இணைய சேவைகள் எப்படி?

வீட்டிலிருந்தே படிவத்தை நிரப்பலாம், மின்-முத்திரைத்தாள் சேர்த்துத் தருவார்கள், கூரியரில் வரும். அச்சு அழகு, எழுத்துப் பிழை குறைவு, பொருள் பட்டியலுக்கு இடம் உண்டு. கடையைவிட இது ஒரு படி மேல்தான். ஆனால் நாடு முழுக்க விற்கும் சேவைகளில் வாசகம் பெரும்பாலும் பிற மாநில நகரங்களுக்காக எழுதியதாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் வழங்கும் “லீவ் அண்ட் லைசென்ஸ்” (குத்தகை உரிமை தராமல் குடியிருக்க அனுமதி மட்டும் தரும் ஒப்பந்தம்) என்ற தலைப்பை அப்படியே இங்கே ஒட்டுகிறார்கள். வீட்டை முழுவதும் ஒருவர் வசம் ஒப்படைத்து வாடகை வாங்கினால், தலைப்பு என்னவாக இருந்தாலும் நீதிமன்றம் அதைக் குத்தகையாகவே பார்க்கும். மின்-முத்திரைத்தாள் எந்த மாநிலத்தின் பேரில் வாங்கியது என்பதையும் மேல் ஓரத்தில் பாருங்கள், தமிழ்நாடு என்று இருக்க வேண்டும். “ரிஜிஸ்டர்டு அக்ரிமெண்ட்” என்று விளம்பரம் செய்பவர்களிடம், எங்கே பதிந்தது, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதில் நோட்டரி முத்திரையாகவே இருந்தால் அந்தத் தொகையை மிச்சம் பிடிக்கலாம்.

அரசுப் பதிவு

தமிழ்நாடு அரசு இதற்கென ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. இந்தச் சேவையின் பெரிய பலம், உரிமையாளர் அல்லது வாடகைதாரர் யாராவது ஒருவரே விண்ணப்பிக்கலாம் என்பது. “ஓனர் வரமாட்டேங்கிறார்” என்று கைகட்டி நிற்கத் தேவையில்லை. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள படிவம்தான் அடிப்படை: இருவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், ஆதார், பான் எண்கள், சொத்து மேலாளர் இருந்தால் அவர் விவரம், வீட்டின் விவரம், ஒப்படைத்த நாள், வாடகை, தனியாகக் கட்ட வேண்டிய மின்சாரம், தண்ணீர், பராமரிப்புத் தொகை, வீட்டோடு தரும் பொருள்கள், குத்தகைக் காலம். இவற்றோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இணைக்க வேண்டும். ஏற்றுக்கொண்டதும் வாடகைப் பதிவு எண் கிடைக்கும்.

இங்கே சிக்குவதற்கெல்லாம் காரணம் கடைக் காகிதம்தான். படிவம் கேட்கும் பாதி விவரம் ஒப்பந்தத்தில் இருக்காது. ஆதாரில் முதலெழுத்து முன்னால், பானில் பின்னால், ஒப்பந்தத்தில் கூப்பிடும் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். பராமரிப்புத் தொகையை வாடகைக்குள் சேர்த்து ஒரே எண்ணாக எழுதியிருப்பார்கள், படிவத்தில் பிரித்துக் கேட்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது. எனவே முதல் அட்டவணைப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து ஒப்பந்தத்தை எழுதுவதே சரியான வரிசை. ஆவணம் தயாராகி, கையெழுத்தாகி, பிறகு படிவத்தைத் திறப்பது தலைகீழ் வேலை.

இந்தச் சட்டம் தொடாத வீடுகளும் உண்டு. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சொந்தமானவை, நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் குடியிருப்பு, கோயில், வக்ஃபு போன்ற சமய அறநிறுவனச் சொத்துகள் இதில் வராது. கோயில் வீட்டுக்கும் அதே காகிதத்தைத்தான் கடையில் நீட்டுவார்கள்.

வரிப் பக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், மாதிரிகளில் இதற்கு இடமே இல்லை. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வாடகைதாரர் 2 சதவீதம் டிடிஎஸ் (வாடகையைத் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்துச் செலுத்த வேண்டும். 2024 அக்டோபர் 1 க்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் அந்த 50,000 வரம்பே கிடையாது, விகிதமும் வேறு. ஆகவே உரிமையாளரின் வசிப்பிட நிலையையும் பான் எண்ணையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும் சம்பளக்காரருக்கு வீட்டு வாடகைப் படிக் கழிவு கேட்கவும் அதே பான் எண்தான் வேண்டும்.

மதிப்பெண்

கடை அக்ரிமெண்ட், அப்படியே வாங்கினால்: ஐந்துக்கு ஒன்றரை. மேலே சொன்ன திருத்தங்களைக் கையோடு எழுதிக்கொண்டு போய், அவர்களிடம் தட்டச்சு மட்டும் செய்து வாங்கினால்: மூன்றரை. இணைய சேவை: இரண்டரை, தமிழ்நாட்டு வாசகம் இருந்தால் மூன்று. அரசுப் பதிவு: நான்கு. ஒரு புள்ளி குறைத்ததற்குக் காரணம் அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் காட்டும் தயக்கம்தான்.

மூன்று ஆண்டுக்குக் குடியிருக்கப்போவது உறுதி என்றால் பதினோரு மாதத்தை மூன்று முறை புதுப்பிப்பதைவிட, சார்பதிவாளரிடம் ஒரே குத்தகைப் பத்திரமாகப் பதிவதை யோசிக்கலாம். அதே 15,000 வாடகை மாறாமல் இருந்தால் 36 மாதத்துக்கு 5,40,000. தீர்வை 1 சதவீதம் 5,400, பதிவுக் கட்டணம் 1 சதவீதம் இன்னொரு 5,400. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய்க் கணக்கில் மூன்றாண்டு நிம்மதி, அதை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். ஆனால் பதினோரு மாதம் முடிந்த பிறகு புதுப்பிக்காமல் அப்படியே தொடர்ந்து இருப்பதுதான் நடைமுறையில் அதிகம். அப்படி இருந்தால் பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீடித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வது அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் புது ஒப்பந்தம் வேண்டும். முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது.

அதே கடைகளில் “லீஸ் அக்ரிமெண்ட்” என்று இன்னொரு தாளும் கிடைக்கும். மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்துக் குடியேறும் போக்கியத்துக்கானது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சுவாதீனத்தோடு கூடிய அடமானமாக அதைச் செய்ய வேண்டுமென்றால் பதிவு செய்த பத்திரம் கட்டாயம். வீட்டின் மீது வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் பணம் கொடுத்தவர், வங்கி ஏல நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும் நாளில் கையில் வைத்திருப்பது அந்தப் பதியாத தாளை மட்டுமே.